எலிகளுக்கு முன்னால் ஒரு பெயர்

என் பழைய ஆய்வுக்கூடக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், எலிகளின் எண்களுக்கெல்லாம் மேலே, 'சித்தி, அப்புத்தளை' என்று தமிழில் எழுதியிருக்கிறது. கூட வேலை செய்பவர்கள் அது என்னவென்று கேட்டால் சிரித்து மழுப்புவேன்.

நாங்கள் செய்வது அரிசி மணியைவிடச் சிறிய கருவி. எலியின் மண்டைக்குள் வைத்துவிட்டால், கூண்டுக்கு அடியிலுள்ள கம்பிச் சுருளிலிருந்து காற்று வழியாகவே மின்சாரம் வாங்கி, மூளைக்குள் நீல வெளிச்சம் போடும். வெளிச்சத்துக்கு இசையும்படி முன்பே மாற்றிவைத்த நரம்பணுக்கள் அதில் விழித்துக்கொள்ளும். நடுக்கவாதத்துக்கு ஒருநாள் இது வைத்தியமாகலாம் என்பது எங்கள் நம்பிக்கை. பழுதான ஒன்றைத் தீப்பெட்டியில் போட்டு, லீவுக்கு ஊருக்குக் கொண்டுபோனேன்.

சித்தி தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் இருந்துகொண்டு, முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். நடுக்கவாதம் வந்து, தேத்தண்ணிக் கோப்பையைக்கூட அவர் கை நிலையாகப் பிடிக்காத நேரம் அது. "லயத்து எலிய நாங்க அடிச்சு வெரட்டுறோம், நீ அதுக்குத் தலைக்குள்ள லைட்டு போட்டுக் குடுக்குறியா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "என் பேர மொதல்ல பதிஞ்சிரு புள்ள" என்றார். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் நேரத்தோடு பேர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. பிந்தினால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். வைத்தியமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். மனிதருக்கு இது இன்னும் வரவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்க, கையோடு கொண்டுபோயிருந்த குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன்.

அடுத்த வருஷம் போனபோது சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பதுளைக் கிளினிக்கையும் மாத்திரையையும் நிறுத்தி ஆறு மாதமாம். "லைட்டு வருதே, இத எதுக்கு முழுங்கணும்?" எல்லாம் நான் எழுதிய ஒரு வரி செய்த வேலை. அடுப்படியில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன்: இது எலிக்குத்தான், உங்கள் காலத்துக்குள் வருமா தெரியாது, உங்களை ஏமாற்றிவிட்டேன்.

"படிச்ச புள்ளைக்கு இதச் சொல்ல ஒரு வருசமா?" என்று திட்டினார். அதோடு விட்டார். மறுநாள் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன பதுளை பஸ்ஸில், "அந்தப் பேர வெட்டிரவா சித்தி?" என்று கேட்டேன்.

"எதுக்கு? பேர் குடுத்தும் வேல கெடைக்காத நாள் எங்களுக்கு எத்தன! அதுக்காகப் பேர் குடுக்காம இருந்தமா?"

இப்போது மாத்திரையின் தயவில் தன் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக் குடிக்கிறார். போன வாரம், ஆய்வுக்காக நடுக்கவாதம் உண்டாக்கிய ஓர் எலி, வெளிச்சம் பட்டதும் நடுக்கம் அடங்கி நேராக நடந்தது. முதல் போன் சித்திக்குத்தான்.

"நல்லா இருக்கே ஞாயம்! மொதல்ல பேர் குடுத்தது நான், வேல எலிக்கா?"

அன்றைக்குப் புதிய குறிப்பேடு தொடங்கினேன். முதல் வரியில் சித்தியின் பெயரை எழுதிவிட்டுத்தான் எலிக்கு வந்தேன்.