செத்த இருங்க

"நாலாயிரத்து எழுநூற்றுப் பத்தொன்பது" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்க்கிறாள் இளவேனில். சத்திரம் பேருந்து நிலையத்தில் நாங்கள் நிற்கும் பத்து நிமிடத்தில் பதினைந்து வண்டிகளாவது இப்படி அவள் வாய்க்குள் போய் வரும். வண்டி எண், கடைப் பலகையில் இருக்கும் போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், பால் பாக்கெட்டில் அச்சடித்த தேதி, எதுவானாலும் எழுத்தாக்கிச் சொல்லிப் பார்ப்பாள். தடுமாறினால் முதலிலிருந்து தொடங்குவாள். பக்கத்தில் நிற்பவர்கள் ஏதோ ஸ்லோகம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மத்தியில் அது ஒன்றும் விசித்திரமில்லை.

இளவேனில் என் தங்கை. வயது முப்பத்து நான்கு. நான் பத்தாவதோடு நின்று துவாக்குடியில் மின்பலகைகளுக்கு வயரிங் செய்யப் போனேன். அவள் இன்ஜினியரிங் முடித்துத் தில்லைநகரில் ஓர் அலுவலகத்தில் பள்ளிப் பேருந்துகளுக்கான மென்பொருள் எழுதுகிறாள். சம்பளத்துக்குச் செய்யும் அந்த வேலையைப் பற்றி நான் சொல்ல வரவில்லை. இருபத்து மூன்று வயதில் அவள் தனக்காக எழுதிய ஒரு சிறிய நிரலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். 143 என்று எண்ணைக் கொடுத்தால் 'நூற்று நாற்பத்து மூன்று' என்று திருத்தமான தமிழில் திருப்பித் தரும். கணினிக் குரலோடு சேர்த்துவிட்டால் ஒலிபெருக்கியில் அறிவிக்கும். கேட்க எளிதாக இருக்கிறது. தொண்ணூறு எங்கே தொண்ணூற்று ஆகும், ஆயிரத்து என்பதற்குப் பின்னால் எங்கே ஒற்று மிகும் என்று பதினான்கு மாதம் உட்கார்ந்து எழுதினாள். முடித்ததும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்துவிட்டாள். ஓப்பன் சோர்ஸ் என்பார்கள். அவள் "பொதுவுல வச்சிட்டேன்" என்பாள்.

பொதுவில் வைத்தால் கேட்பாரற்ற பொருள் என்று நானும் நினைத்திருந்தேன். அவள்தான் நிபந்தனைத் தாளைத் தமிழில் சொல்லி என்னை எழுதிக்கொள்ளச் சொன்னாள். எடுக்கலாம், மாற்றலாம், விற்றுச் சம்பாதிக்கவும் செய்யலாம். கோப்பின் உச்சியில் இருக்கும் 'பதிப்புரிமை ந. இளவேனில்' என்ற வரியையும் அந்த நிபந்தனைத் தாளையும் மட்டும் நீக்கக் கூடாது. குறை இருந்து நஷ்டம் வந்தால் எழுதியவர் பொறுப்பில்லை. இவ்வளவுதான் லைசென்ஸ். பைசா கேட்கவில்லை. பெயரைக் கேட்டாள்.

பிறர் பெயரையும் அவள் அப்படித்தான் காப்பாற்றுவாள். அலுவலகத்தில் வெளியார் எழுதிய எந்த நிரல் துண்டை எடுத்தாலும் அது யாருடையது, என்ன நிபந்தனை என்று ஒரு பட்டியலில் ஏற்றிய பிறகுதான் பயன்படுத்துவாள். அவளுடைய முதலாளி வளவன் நல்ல மனிதர், அவசரக்காரர்.

"மேடம், ஊரே அள்ளிக்கிட்டுப் போவுது. நீங்க மட்டும் ஏன் ஒவ்வொண்ணுக்கும் சூடம் காட்டிட்டு எடுக்கிறீங்க?"

"காசு கேட்டா குடுத்துத்தானே சார் ஆவணும்? இவங்க பேரத்தான கேக்குறாங்க. அதையும் குடுக்க மாட்டேன்னா எப்படி?"

"அந்தப் பேர யாரு மேடம் படிக்கப் போறா?"

"எழுதுனவன் படிப்பான் சார்."

ஆறு ஆண்டுகளுக்கு முன் நாகர்கோவிலிலிருந்து ரஃபீக் என்ற மாணவர் அவளுக்கு எழுதினார். எண் வந்து சேரத் தாமதமானால் அந்த நிரல் "செத்த இருங்க" என்று சொல்லும். அதை எழுதியபோது அவளுக்கு அது பிழையாகவே படவில்லை. எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவரிடமும் கடையில் நிற்பவரிடமும் அப்படித்தான் சொல்வோம். சற்று என்பதுதான் வாய்வழக்கில் செத்த ஆகியிருக்கிறது. "அக்கா, எங்க ஊர்ல இதக் கேட்டா ஆளு ஓடிப்போவாங்க" என்று எழுதியிருந்தார் ரஃபீக். விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றே 'சற்றுக் காத்திருங்கள்' என்று மாற்றிப் புதிய பதிப்பை வெளியிட்டாள். பெயர் வரியை விடாமல் வைத்திருந்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்ததென்று தெரியும். அவர்கள் எல்லாரும் சில வாரங்களில் புதியதை எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் கண்ணைக் காட்டத் திருச்சியில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அம்மா ரெங்கம்மாளுக்கு இருபத்து மூன்றாம் டோக்கன். ஒலிபெருக்கி "டோக்கன் எண் பத்தொன்பது" என்றது. பிறகு கொஞ்சம் விக்கி, "செத்த இருங்க" என்றது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் ஊர்ப் பேச்சுதானே. இளவேனில் மட்டும் எழுந்து நின்றாள்.

"அண்ணே, இது என்னோடது."

"உன்னோடதுன்னா?"

"வேற எந்தக் கம்ப்யூட்டரு செத்த இருங்கன்னு சொல்லும்?"

வாசலில் ஒட்டியிருந்த மருத்துவமனைச் செயலியைப் போனில் இறக்கினாள். 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில், பயன்படுத்திய வெளியார் துண்டுகளின் பட்டியல் இருக்க வேண்டும். அவள் பெயர் அங்கே இல்லை. 'அனைத்து உரிமைகளும் எமக்கே' என்று ஒரு சென்னை நிறுவனத்தின் பெயர் இருந்தது. அம்மாவின் முறை வரும்வரை அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று ஒரு எண்ணையும் அவள் வாய் சொல்லவில்லை.

நான் செய்யும் வேலையில் ஒவ்வொரு வயர் முனையிலும் எண் போட்ட சின்ன வளையம் மாட்டுவோம். அதை வெட்டி எறிந்தாலும் விளக்கு எரியும். பழுது வந்தால்தான் எந்த வயர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தவிப்பார்கள். அந்த நிறுவனத்துக்கு அவள் மெயிலில் எழுதிய கடிதத்தைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. 'என் பெயரைச் சேர்த்துவிடுங்கள். தாங்கள் வைத்திருப்பது பழைய பதிப்பு. அதில் உள்ள ஒரு வாக்கியம் மருத்துவமனையில் தவறாகக் கேட்கும். உடனே மாற்றுங்கள். புதியது இங்கே இருக்கிறது.' பணிவாக எழுதியிருந்தாள். ஐந்து மாதத்தில் அப்படி நான்கு கடிதங்கள். நான்காவதற்குப் பதில் வந்தது, இரண்டே வரி: 'இப்பகுதி எங்கள் நிறுவனத்தின் சொந்த ஆக்கம். மேற்கொண்டு தொடர்பு கொள்ள வேண்டாம்.'

வக்கீலைப் பார்க்கலாம் என்றேன். "சொந்த ஆக்கம்னு எழுதிட்டாங்கல்ல, பத்திரமா இருக்கட்டும் அண்ணே" என்று அதை அச்செடுத்துக் கோப்பில் வைத்தாள். அதோடு அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

இந்த ஆண்டு சித்திரையில் அதே மென்பொருள் மேற்கு மாவட்டம் ஒன்றில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், நாற்பத்து ஏழாம் எண் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவர் கணவர். ஒலிபெருக்கி "டோக்கன் எண் நாற்பத்து ஏழு" என்று சொல்லி நின்றது. பிறகு "செத்த" என்றது. இயந்திரக் குரல் அந்த இடத்தில் ஒரு மூச்சு விட்டுத்தான் அடுத்த சொல்லைச் சொல்லும். 'இருங்க' வருவதற்குள் அந்த அம்மாள் தரையில் விழுந்துவிட்டார். தலையில் மூன்று தையல். மகன்கள் கவுன்ட்டர் கண்ணாடியை உடைத்தார்கள். கணவர் ஒரு வாரத்தில் நடந்தே வீட்டுக்குப் போனார் என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

மறுநாள் அந்த நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. அந்த வாக்கியம் தங்களுடையது அல்லவாம். ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த ந. இளவேனில் என்பவர் இணையத்தில் இலவசமாக வெளியிட்ட நிரலில் இருந்து வந்ததாம். ஐந்து மாதம் கேட்டுக் கிடைக்காத பெயர் ஒரே நாளில், முன்னெழுத்தோடு, ஊரோடு வந்துவிட்டது. செய்தித்தாளில் தங்கையின் பெயரைப் பார்த்தால் வெட்டி ஒட்டி வைக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறேன். வந்த செய்தியை மடித்து எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இளவேனில் செய்தியாளரிடம் எண்ணை வாங்கி, விழுந்த அம்மாளின் வீட்டுக்குப் பேசினாள். மூத்த மகன் எடுத்தார்.

"நீதானா அது? உன் வீட்டு ஆளு உள்ள கெடந்தா தெரியும் உனக்கு."

"நான் எழுதுனதுதாங்க. அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க."

வைத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நாலு கடுதாசி போட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே? மாத்துன்னு கெஞ்சுனத சொல்ல வேண்டியதுதானே?"

"தலையில தையல் போட்டுக்கிட்டு இருக்கிற அம்மாகிட்ட கடுதாசியவா காட்டச் சொல்றீங்க? எழுதுனது நான்தானே அண்ணே."

பத்து நாள் கழித்து நிறுவனத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெயர் அன்புச்செல்வன். சட்டை கசங்காத மனிதர். செருப்பை ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார், அம்மாவைக் கும்பிட்டார், காபியைப் பாராட்டினார்.

"மேடம், நீங்க கேட்டது நியாயம். பேருதானே? போட்டுடறோம். சின்ன எழுத்துல இல்ல, முதல் ஸ்கிரீன்லயே. தமிழ்நாடு பூரா நூத்துப் பன்னெண்டு ஆஸ்பத்திரி."

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "பேரு வந்துருமாப்பா?"

"வந்துரும்மா. மேடம் இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டா போதும்."

தாளை நானும் படித்தேன். பிழை முழுவதும் தன்னுடையதே என்று அவள் ஒப்புக்கொள்ள வேண்டும். அது பற்றி நிறுவனத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவது வரியை நான் இரண்டு தடவை படித்தேன். அப்படியிருந்தும், நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் அவள் பெயர் தெரியும் என்ற நினைப்பு என்னை ஆட்டியது என்பதை மறைக்க மாட்டேன். "போட்டா என்னம்மா?" என்று தங்கையிடம் கேட்க வாய் வரை வந்தது.

"நீங்க என் மெயில பாத்தீங்களா சார்?" என்று கேட்டாள் இளவேனில்.

அவர் சிரித்தார். "பழசெல்லாம் எதுக்கு மேடம்? ரெண்டு பேருக்கும் நல்லதா ஒரு வழி பாப்போம்."

"பாத்தீங்களா, இல்லையா?"

"கம்பெனிக்குத் தினம் ஆயிரம் மெயில் வருது மேடம். இது ஒரு ஃபார்மாலிட்டி. கேஸ் கீஸ்னு போனா உங்களுக்குத்தான் அலைச்சல். பொம்பளைப் பிள்ளை நீங்க."

அவள் தாளை மேசையில் விரித்தாள். லைசென்ஸ் படிப்பதைப் போலவே, ஒவ்வொரு வரியின் கீழும் விரலை ஓட்டிக் கடைசிவரை படித்தாள். அன்புச்செல்வன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா அடுக்களை வாசலை விட்டு நகரவில்லை.

என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அன்புச்செல்வன் கையெழுத்துக்கான கோட்டைத் தொட்டுக் காட்டினார். அவள் கை அங்கே போகவில்லை. முதல் வரியில் 'இளவேணில் ஆகிய நான்' என்று அச்சடித்திருந்த இடத்துக்குப் போனது. 'ணி'யை வட்டமிட்டு, அதன் தலையில் 'னி' என்று தெளிவாக எழுதினாள். பேனாவை மூடி என்னிடம் கொடுத்தாள். தாளை அவர்கள் மடித்த மடிப்பிலேயே மடித்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.