நெடுக்கக் கட்டிய திரை

சாதாரண தரப் பரீட்சையில் எனக்குக் கணிதத்தில் அதிவிசேட சித்தி கிடைத்தது. பொறியியல் படிக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். வாப்பா பசாரில் சாமான் கடை வைத்திருந்தார். யாரோடும் சண்டைக்குப் போகாத மனிதர். கடையைப் பூட்டிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு எங்கள் பெண்கள் பாடசாலை அதிபரிடம் போனார்.

ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு அங்கே இல்லை, ஒரு பிள்ளைக்காக அதைத் தொடங்கவும் முடியாது என்றார் அதிபர். கலைப்பிரிவில் சேர்ந்தால் ஆசிரியையாகலாம் என்று புத்தியும் சொன்னார். அங்கிருந்து ஆண்கள் பாடசாலைக்குப் போனோம். அந்த அதிபர் வாப்பாவுக்கு மட்டும் கதிரை கொடுத்தார்.

"பொம்புளப் புள்ளைய எடுத்தா ஊராக்கள் எனக்கிட்டத்தான் சண்டைக்கு வருவாங்க" என்று வாப்பாவிடம் சொன்னார். நான் வாப்பாவின் பக்கத்தில்தான் நின்றேன். ஒருமுறைகூட அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அரசாங்கம் கட்டிய இரண்டு பாடசாலைகள். அதில் ஒன்றிலும் எனக்கு இடமில்லை. பாடசாலையில் சேராமலே உயர்தரப் பரீட்சையைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதுவதென்று முடிவெடுத்து, கல்முனையில் கணிதம் படிப்பித்த ஒரு மாஸ்டரிடம் டியூஷனுக்குச் சேர்ந்தேன்.

கிடுகு வேய்ந்த நீளமான கொட்டில் அது. முன்னால் பொடியன்கள். பின்னால் மருதமுனைப் பிள்ளை ஒருத்தியும் நானும். நடுவில், கொட்டிலின் குறுக்கே, தடித்த திரை. கரும்பலகை இருந்தது திரைக்கு அந்தப் பக்கம்.

மாஸ்டரின் குரல் மட்டும் வரும். "இத அங்கால கொண்டு போனா இது வெட்டுப்படும், மிச்சம் இவ்வளவுதான்" என்பார். எது அங்கால போனது, எது வெட்டுப்பட்டது? சோக்கட்டி உரசும் சத்தத்தை வைத்துக் கணக்கை ஊகிக்க முடியுமா? பிரயோக கணிதத்தில் படம் இல்லாமல் ஒரு கணக்கும் நகராது. பொடியன்கள் படத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருக்க, நாங்கள் இருவரும் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டணம் மட்டும் எல்லாருக்கும் ஒன்று.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் மாஸ்டரிடம் கேட்டேன். நல்ல மனிதர், கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

"மகள், இத நான் போடல்ல. பொடியனுகள்ற வாப்பாமார் போடச் சொன்னவங்க. கழட்டினா வகுப்பையே மூடச் சொல்லுவாங்க."

கொஞ்ச நாளில் மருதமுனைப் பிள்ளை நின்றுவிட்டாள். அவளுக்குக் கணிதம் ஓடவில்லையாம், ஊரில் அப்படித்தான் கதைத்தார்கள். என்னோடு இருந்து, படத்தைப் பாராமலே பாதிக் கணக்குகளைச் சரியாகச் செய்தவள் அவள். அந்தக் கதையைக் கேட்ட அன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் உம்மாவைக் கூட்டிக்கொண்டு வகுப்புக்கு முன்னமே கொட்டிலுக்குப் போனேன். நாங்கள் இருக்கும் வாங்கை உம்மா பிடித்துக்கொள்ள, நான் அதில் ஏறித் திரையை அவிழ்த்தேன். கரும்பலகையின் நடுவிலிருந்து பின்சுவர் வரைக்கும் கயிற்றை நெடுக்க இழுத்து, மாஸ்டர் நிற்கும் இடத்தை மட்டும் விட்டுத் திரையைத் திரும்பக் கட்டினேன். பொடியன்கள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். திரையும் இருந்தது, பலகையும் தெரிந்தது.

மாஸ்டர் வந்தார். திரையைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார். பிறகு சோக்கட்டியை எடுத்து, என் பக்கத்துப் பாதியிலிருந்து எழுதத் தொடங்கினார்.

அடுத்த கிழமை யாரோ திரையைப் பழையபடி குறுக்கே கட்டியிருந்தார்கள். நான் மறுபடி மாற்றினேன். அவர்களும் மாற்றினார்கள். கட்டியது யாரென்று கடைசிவரை தெரியாது. என்னிடம் நேரில் வந்து கதைக்க ஒருவருக்கும் துணிவில்லை. பரீட்சை வரைக்கும் இப்படித்தான் போனது. மற்றவர்கள் வகுப்புக்கு வந்து கொப்பியைத் திறப்பார்கள். நான் வந்து கயிற்றை அவிழ்ப்பேன்.

பெறுபேறு வந்து, பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு வதிவிடச் சான்று எடுக்க உம்மாவோடு போனபோது கிராம சேவகரும் தன் பங்குக்குச் சொன்னார், பொம்பிளைப் பிள்ளையைப் படிக்கவென்று கண்டிப் பக்கம் தனிய அனுப்புவது சரியில்லை என்று. உம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"நாங்க கேட்டு வந்தது ஒப்பம் மட்டுந்தான்" என்றார்.

ஒப்பம் கிடைத்தது. விண்ணப்பத்தில் பொறியியலை முதலாவதாகப் போட்டேன். அதற்குப் புள்ளிகள் கொஞ்சம் போதவில்லை. பௌதிக விஞ்ஞானம் கிடைத்தது. சந்தோசம்தான். ஆனாலும் குறைந்துபோன அந்தப் புள்ளிகளை நான் எங்கே இழந்தேன் என்று எனக்குத் தெரியும். சோம்பலில் அல்ல.

அனுமதிக் கடிதம் வந்த செய்தி பரவியதும் பெண்கள் பாடசாலையிலிருந்து ஒரு ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான தங்கள் மாணவிகளுக்குப் பாராட்டு விழா வைக்கிறார்களாம். பதாகையில் என் பெயரும் இருக்கிறதாம். அதிபர் பொன்னாடை போர்த்துவாராம்.

நான் வாயைத் திறப்பதற்குள் வாப்பா முந்திக்கொண்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை; அன்றும் உயரவில்லை.

"சேர், இவ உங்கட ஸ்கூல்ல ஏ.எல். படிக்கல்ல. பேரை எடுத்துடுங்க."

ஆசிரியர் தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமலே எழும்பிப் போனார். பெயரை அவர்கள் எடுக்கவில்லை. பாடசாலை மதிலில் அந்தப் பதாகை மாரிமழைக்குக் கிழியும் வரைக்கும் தொங்கியது.