மோடத்தை யார் தொட்டது?

"நாளைலேருந்து வர வேண்டாம். சாவிய மேஜைல வெச்சிட்டுப் போ."

எங்கள் தீவில், மரைன் ஹில்லில் ஒரு ஹார்டுவேர் வியாபாரியின் ஆபீசுக்குள் மோடத்தைப் பழுது பார்க்க டூல் பையோடு நுழைந்தேன். காதில் விழுந்த முதல் பேச்சு இதுதான். சொன்னவர் முதலாளி. திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. கேட்டுக்கொண்டு நின்றவள் டெலிபோன் ஆபரேட்டர் ஸ்டெல்லா. அவள் புருஷனுடைய படகு இன்ஜின் பழுதாகிக் கரையில் கிடந்தது. வீட்டில் அப்போது அவள் சம்பளம் மட்டும்தான்.

விஷயம் இது. அந்த ஆபீஸ் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எதை மாற்றுவதானாலும் சென்னையிலிருந்து போன் போட்டுத்தான் மாற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் மெயின்லேண்டிலிருந்து ஆள் பிளைட் ஏறி வர மாட்டான். அதற்காக, போன் லைன் வழியே கம்ப்யூட்டர் பேச உதவும் ஒரு மோடத்தை எக்ஸ்சேஞ்சோடு இணைத்திருந்தார்கள். சென்னையிலிருந்து கால் வந்தால் ஸ்டெல்லா அதை மோடத்துக்கு மாற்றிவிட வேண்டும். மோடம் தானாக எடுக்க வேண்டும். எடுத்தால் சென்னை இன்ஜினியர் அந்த லைன் வழியாகவே எக்ஸ்சேஞ்சுக்குள் நுழைந்து வேலை பார்ப்பார்.

மோடம் எடுக்கவில்லை. அண்ணாச்சியின் புரோத்ராபூர் குடோனுக்கான கால்களை நேராக அங்கேயே திருப்ப வேண்டிய வேலை நின்று கிடந்தது. அந்த வேலைக்கு எக்ஸ்சேஞ்சை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அதனால் காலையில் வியாபாரம் தொடங்கும் முன்புதான் செய்ய முடியும். முதல் நாள் பகலில் சென்னை இன்ஜினியர் போனில் சொல்லச் சொல்ல, ஸ்டெல்லா மோடத்தைக் கம்ப்யூட்டரில் மாட்டிக் கமாண்ட் அடிப்பாள். மோடம் எடுக்கும். மறுநாள் காலை பார்த்தால் எடுக்காது. திரும்பக் கமாண்ட் அடித்து முடிப்பதற்குள் வியாபாரம் தொடங்கிவிடும். இதே கதை பல நாள் நடந்திருக்கிறது.

"சாயங்காலம் வரைக்கும் ஓடுது, காலைல ஓடல. காலைல மொதல்ல வந்து தொறக்கிறது யாரு? இவதான். யாரோ நோண்டுறாங்கன்னு மெட்ராஸ்காரனே சொல்லுதான்," என்றார் அண்ணாச்சி.

"நோண்டுறதுக்கு அது என்ன டிவியா அண்ணாச்சி? அதப் பாத்தாலே எனக்குத் தலவலி," என்றாள் ஸ்டெல்லா. சாவியை மேஜையில் வைத்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆயிரம் மைலுக்கு அப்பால் ஏசியில் உட்கார்ந்துகொண்டு, மோடம் ஏன் மறக்கிறது என்று யோசிக்காமல் ஒரு பெண் மேல் பழியைப் போடுகிறவன் எல்லாம் இன்ஜினியரா?

மோடத்தைப் பார்த்தேன். தானாக எடுக்கும் என்பதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. லேப்டாப்பை மாட்டி ATS0=1 அடித்தேன். முதல் ரிங்கிலேயே எடு என்று அர்த்தம். விளக்கு எரிந்தது. கேபிளில் கோளாறு இல்லை, மோடமும் நல்ல மோடம். அப்படியானால் இரவில்தான் ஏதோ நடக்கிறது.

"ஸ்டெல்லா, சாயங்காலம் ஆபீஸ எப்பிடிப் பூட்டுவீங்க?"

அவள் வாய் திறக்கும் முன்பே அண்ணாச்சி சொன்னார். "நானே நின்னு மெயினை பந்த் பண்ணிட்டுத்தான் பூட்டுவேன். நம்ம ஊரு பிஜிலிய நம்ப முடியுமா? கரண்டு போயிட்டுத் திரும்ப வரும்போது எகிறிக்கிட்டு வரும். ரெண்டு ஃபேன் போயிருக்கு வேய் எனக்கு."

இரவில் மெயினை அணைத்துவிட்டுப் போவது இந்தத் தீவில் பாதிக் கடைகளில் வழக்கம். தப்பில்லை. எக்ஸ்சேஞ்சுக்குத் தனி பேட்டரி இருந்ததால் அது இரவெல்லாம் ஓடியது. மோடத்தின் அடாப்டர் மட்டும் சுவர் பிளக்கில் இருந்தது. மெயினை அணைத்தால் மோடமும் அணையும்.

"இங்க பாருங்க அண்ணாச்சி." அடாப்டரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினேன். விளக்கு எரியவில்லை. "இப்ப யாரு நோண்டுனா?"

அவர் விளக்கைப் பார்த்தார். பிறகு மெயின் ஸ்விட்சைப் பார்த்தார்.

"அப்ப நாந்தானா?"

"நீங்க இல்ல. செட்டிங்கை சேவ் பண்ணணும்னு சொல்லிக் குடுக்காத மெட்ராஸ்காரன்."

மறுபடி ATS0=1. எக்ஸ்சேஞ்ச் போர்ட்டின் வேகத்துக்கே மோடத்தையும் வைத்தேன். மோடம் பதில் பேசி எக்ஸ்சேஞ்சைக் குழப்பாமல் இருக்க ATE0, ATQ1. கடைசியாக AT&W. அதுதான் சேவ். அதை மட்டும் ஸ்டெல்லாவையே அடிக்கச் சொன்னேன். "இப்ப நீயே புடுங்கு."

பிடுங்கினாள். சொருகினாள். விளக்கு எரிந்தது. நம்பாமல் இன்னொரு தடவை பிடுங்கிப் பார்த்தாள்.

"போதும்டி, அடாப்டர் பிஞ்சிரப் போவுது," என்றார் அண்ணாச்சி. மன்னிப்பெல்லாம் அவர் கேட்கவில்லை. அவர் கேட்கிற ஆளும் இல்லை. மேஜையில் கிடந்த சாவியை அவள் பக்கம் தள்ளினார். "காலைல சீக்கிரம் வந்து தொற. மெட்ராஸ்காரன் போன் போடுவான்."

"மெயினை?"

"அத நான் வழக்கம்போல பந்த் பண்ணுவேன். பாப்போம் உங்க மோடத்த."

மறுநாள் காலை ஸ்டெல்லா எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, மொத ரிங்லயே எடுத்திருச்சு. குடோன் கால் இப்ப நேரா குடோனுக்கே போவுது. அடுத்து குடோன்லயும் ஒரு மோடம் வைக்கணுமாம். என்னையே போயி செட் பண்ணச் சொல்றாரு அண்ணாச்சி."

போய் வைத்தாள். இன்றுவரை அதற்காக யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். செட்டிங் போட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடாதே. கரண்டைப் பிடுங்கித் திரும்பக் கொடுத்துப் பார். உன் வேலை அப்போதும் நின்றால்தான் அது முடிந்த வேலை. இல்லையென்றால் மறுநாள் காலையில் கதவைத் திறக்கிறவர் தலையில்தான் அது விடியும்.