தவிட்டுச் சாறும் ஒரு சிட்டிகைச் சோடாவும்

வள்ளிநாயகிக்கு வாய் கொஞ்சம் நீளம். பினாங்கு குயின் தெருவில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத தவிட்டு வியாபாரி கிடையாது. பழைய தவிட்டைப் புதுசு என்று இறக்கினால் போதும், ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோவாள். காறல் வாடை அடித்தால் தீர்ந்தது. தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். யாழ்ப்பாணத்து மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படித்தவள், புருஷன் போன பிறகு தன்னந்தனியாகக் கப்பலேறி வந்தவள், டாக்டர் பரமநாதனின் டிஸ்பென்சரியில் மருந்து தயாரிக்கிறவள். அப்படிப்பட்டவள் யாருக்குப் பயப்படப் போகிறாள்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் பெரிபெரி நோய் கைக்குழந்தைகளை அள்ளிக்கொண்டு போயிற்று. மில்லில் தீட்டித் தீட்டி மல்லிகைப் பூவாக்கிய சயாம் அரிசியைத் தின்பதுதான் அப்போது கௌரவம். பிள்ளை பெற்றவளுக்கோ பத்தியம். அந்த வெள்ளைச் சோறும் மிளகும் சுட்ட கருவாடும் தவிர வேறொன்றும் ஆகாது. தாய்க்கே சத்து இல்லாதபோது பாலில் எங்கிருந்து வரும்? கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளைக்குத் திடீரென்று முகம் வீங்கும், மூச்சு இழுக்கும், தொண்டை அடைத்துச் சத்தமே வராமல் அழும். தீட்டி எறிந்த தவிட்டில்தான் அந்தச் சத்து இருந்தது. அதைப் பிரித்தெடுத்து, பச்சைக்குழந்தை விழுங்குகிற மாதிரி ஒரு கரண்டிக்குள் அடக்குவதுதான் வள்ளிநாயகியின் வேலை.

லேசான வேலையா அது? தவிட்டைச் சலித்து, துளி அமிலம் விட்ட சாராயத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். வடிகட்டி, வெந்நீரின் மேல் வைத்து இளஞ்சூட்டில் வற்றவிட்டு, அதில் கடுஞ்சாராயத்தை ஊற்றினால் மாவும் பசையும் வெள்ளைக் கட்டியாகக் கீழே இறங்கும். அதையும் வடித்தெறிந்துவிட்டு, மிஞ்சிய தெளிவிலிருந்து சாராயம் முழுவதையும் போக்கினால் பழுப்பாக ஒரு பாகு நிற்கும். ஒரு மூட்டைத் தவிட்டுக்கு ஒரு போத்தல் தேறினால் பெரிது. ஆனால் நாக்கில் வைக்க முடியாத புளிப்பு. பிள்ளைகள் துப்பும், தாய்மார் அவளைத்தான் குறை சொல்வார்கள்.

"புளிப்பு இருக்கட்டும் பிள்ளை, அதிலை கை வையாதை," என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். கேட்டாளா? அவர் சிங்கப்பூருக்குக் கப்பலேறியதுதான் தாமதம், அடுப்படிப் புத்தி தலைதூக்கிவிட்டது. கள்ளு விட்டுப் புளிக்கவைத்த அப்ப மா ராத்திரியில் அளவுக்கு மீறிப் புளித்துப்போனால் யாழ்ப்பாணத்தில் என்ன செய்வார்கள்? காலையில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடுவார்கள், சரியாகிவிடும். அவளும் சூட்டோடு சூடாகப் பாகில் சோடாவைத் தூவினாள். நுரைத்துப் பொங்கி அடங்கியது. நக்கிப் பார்த்து இன்னும் கொஞ்சம் தூவினாள். கடைசியில் சீனிப்பாகும் சேர்த்தாள். பிள்ளைகள் சப்புக்கொட்டிக் குடித்தன. ஐயோ, அன்றைக்கு அவளுக்கு இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும்!

அந்தப் போத்தல்களில் ஒன்று ஹபீப் முகம்மது வீட்டுக்குப் போயிற்று. தோளில் காவுத்தடி வைத்துத் துறைமுகத்தில் சோறு விற்கிற மனிதர் அவர். இரண்டே நாளில், உச்சிவெயிலில், மனைவி காமாரியாவையும் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். பிள்ளை காமாரியாவின் கையில் இருந்தது. வாயைப் பிளந்து அழுதது, சத்தம்தான் இல்லை. உதடு கறுத்திருந்தது.

"மருந்து குடுத்துக்கிட்டேதான் இருக்கோம் அக்கா. ஒண்ணும் கேக்கலையே!" என்றார் ஹபீப்.

"பக்கத்து வீட்டுப் புள்ளைக்குப் போன மாசம் கேட்டுச்சே அக்கா, எங்க புள்ளைக்கு மட்டும் ஏன் கேக்கல?" என்று காமாரியா அழுதாள்.

வள்ளிநாயகி மனசுக்குள் கணக்குப் போட்டாள். முன்பு செய்த சாறெல்லாம் வேலை செய்தது. இது செய்யவில்லை. இரண்டுக்கும் நடுவில் புதிதாகச் சேர்ந்தது சோடாவும் சீனியும்தான். சீனி மருந்தைக் கெடுக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"நான் கெடுத்துப்போட்டன் தங்கச்சி," என்றாள். "புளிப்புப் போகட்டும் எண்டு சோடா போட்டன். அந்தப் புளிப்போடை சத்தும் செத்துப்போச்சு."

ஹபீபின் கழுத்து நரம்பு புடைத்தது. "இப்ப என்ன செய்யணுமோ செய்ங்க. ஏசுறதெல்லாம் பொறகு," என்றார்.

பசையை வடித்த தெளிவு ஒரு சாடியில் மிச்சம் இருந்தது. சோடா படாதது, ஆனால் முழுக்கச் சாராயம். அகலப் பீங்கான் தட்டில் ஊற்றி வெந்நீரின் மேல் வைத்தாள். ஹபீப் அவசரம் தாங்காமல் விசிறியை எடுத்து அடுப்பை வீசப் போனார். அவள் அவர் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"வையுங்கோ அதை! சாராய ஆவி. பத்திச்செண்டால் மருந்தும் இல்லை, நாங்களும் இல்லை."

"அப்ப இப்படியே ஒரு கரண்டி குடுத்துருங்க. சாராயமா இருந்தாலும் பரவால்ல. பாவம் என் தலையில."

"பாவத்துக்கில்லை தம்பி. இப்ப கிடக்கிற மூச்சுக்குச் சாராயம் போனால் மூச்சே நிண்டுபோம்."

பொறுக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. சாராயம் போய்விட்டதா என்று பார்க்க ஒரு கரண்டி எடுத்து, தள்ளிப்போய் வேறொரு தட்டில் விட்டு நெருப்புக்குச்சியைக் காட்டினாள். நீலமாகக் குப்பென்று பற்றியது. மறுபடி காத்திருந்தாள். "மூச்சு நிக்குது அக்கா!" என்று காமாரியா அலறினாள். வள்ளிநாயகி ஓடிப்போய்ப் பிள்ளையின் உள்ளங்காலைக் கிள்ளினாள். நெஞ்சு ஒரு தரம் ஏறி இறங்கியது. திரும்பி வந்து இன்னொரு கரண்டியில் குச்சியைக் காட்டினால் இன்னும் நீலம் ஓடியது. கடைசியில் குச்சி பாகில் பட்டு உஸ்ஸென்று அணைந்தது.

பாகை ஆறவைத்து, விரலில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் தடவினாள். பிள்ளை முகத்தைக் கோணித் துப்பியது. மறுபடி தடவினாள். பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு கேட்கும்போது இழுப்புத் தணிந்தது. பொழுது சாயும் நேரத்தில், தொண்டை கமறி, கீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

"அலாமாக்! அழுறான், கேட்டீங்களா? அழுறான்!" காமாரியா அழுதுகொண்டே சிரித்தாள். ஹபீப் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். ஏச வேண்டியதை அவர் மறந்தே போனார்.

வள்ளிநாயகியால் உட்கார முடியவில்லை. சோடா போட்ட போத்தல் இன்னும் இரண்டு வீட்டில் இருந்தது. புதுப் பாகைக் கட்டிக்கொண்டு ரிக்‌ஷா ஏறினாள். முதல் வீட்டில் போத்தலைத் திறக்கவே இல்லை. அப்பாடா என்று இருந்தது. அடுத்தது, ஆச்சின் தெருவில், தட்டார் வீட்டு ருக்குமணி.

ருக்குமணி கதவைத் திறந்தாள். அழுது வற்றிய முகம். உள்ளே தூளி கட்டியிருந்த கயிறு மட்டும் தொங்கியது. அவளே உள்ளே போய், கழுவித் துடைத்த போத்தலைக் கொண்டுவந்து வள்ளிநாயகியின் கையில் கொடுத்தாள்.

"நேத்து போயிட்டான் அக்கா. எந்த மருந்தக் குடுத்தாலும் துப்புவான். உங்க மருந்த மட்டும் நல்லா வாயத் தொறந்து குடிச்சான். போறதுக்கு முந்தி நாக்குல அந்த இனிப்பாச்சும் இருந்துச்சே... நீங்க நல்லா இருக்கணும்க்கா."

தலையாட்டிவிட்டுத் திரும்பியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? வள்ளிநாயகி படியேறி உள்ளே போனாள்.

"கதவைச் சாத்து ருக்குமணி," என்றாள். "உனக்கு நான் ஒண்டு சொல்லவேணும்."