எல்வினா திறக்காத மூட்டை

நடுக்கடலில் கிடக்கும் டிரிஸ்டன் தீவில் வருடத்துக்கு ஒருநாள் எலி வேட்டை. ஊரே வேலையைப் போட்டுவிட்டு நாய்களோடு உருளைக்கிழங்குத் தோட்டத்தில் இறங்கும். மிக நீளமான எலிவாலுக்குப் பரிசு. எல்வினா ஸ்வெயின் அந்தப் பரிசை வாங்காத வருடத்தைத்தான் தேட வேண்டும். முதுகுக்குப் பின்னால் 'எலிக்காரி' என்பார்கள். நேரில் சொல்ல ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது.

பரிசா அவளுக்குப் பெரிசு? கடலுக்கு அந்தப் பக்கம் நைட்டிங்கேல் என்று ஒரு குட்டித் தீவு. ஊரார் போனால் தங்கச் சில குடிசைகள் உண்டு; மற்றபடி அங்கே குடியிருப்பும் இல்லை, எலியும் இல்லை. மஞ்சள் புருவக்கார பென்குயின்கள் அங்கேதான் புல்லுக்குள் முட்டையிடும். ஒரு கப்பல் உடைந்து எண்ணெய் கொட்டிய வருடம், மீன் ஆலை வேலையை விட்டுவிட்டு அவற்றைக் கழுவிக் கழுவிக் கை வெந்தவள் எல்வினா. பாதிக்கு மேல் அவள் கண்ணெதிரே செத்தன. சினை எலி ஒன்று அங்கே இறங்கிவிட்டால் முட்டை, குஞ்சு எதுவும் மிஞ்சாது என்று அவளுக்கு ஓயாத பயம்.

அதனால் நைட்டிங்கேலுக்குப் படகு கிளம்புமுன் துறையில் நின்று ஒவ்வொரு மூட்டையாகப் பிரிப்பாள். ஊரில் எல்லாரும் சொந்தம். சொந்தக்காரன் மூட்டையைப் பிரிப்பது கன்னத்தில் அறைகிற மாதிரி.

"என் பாவாடையையும் உதறிக் காட்டட்டுமா?" என்று கேட்டாள் சித்தி மகள்.

"உதறுடி. எலி விழுந்தா பரிசு உனக்கு."

ஓர் அக்டோபரில் கடைசியாக வந்தது அவள் புருஷன் ஹார்லனின் கிழங்கு மூட்டை. அவள் குனிந்ததும் அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"என்னையுமா? ஊரு முன்னாடியா?"

பாவமாக இருந்தது அவளுக்கு. "சரி சரி, ஏத்து" என்றுவிட்டாள்.

நைட்டிங்கேல் குடிசையில் சமைக்க உட்கார்ந்து மூட்டைக்குள் கைவிட்டவள் வெடுக்கென்று கையை இழுத்தாள். கடித்த கிழங்கு. ஈரம் காயாத புழுக்கை. அடியில் ஒரு ஓட்டை.

"கதவச் சாத்து! சாத்துடா!"

ஹார்லன் சாத்தினான். அவனுக்கும் புரிந்துவிட்டது.

"வர்ற வழியில எங்கயாவது கீழ வச்சியா?"

"பாறைகிட்ட... மூச்சு வாங்குச்சு. ஒரு நிமிஷந்தான்."

அந்தப் பாறையைச் சுற்றித்தான் பென்குயின்கள் அடைகாத்துக்கொண்டிருந்தன. அவை கத்துகிற கத்தல் சாத்திய கதவைத் தாண்டிக் கேட்டது.

கீழே கரையிலிருந்து படகோட்டி கத்பெர்ட் கூவினான்: "எல்வினாக்கா! அலை ஏறுது! இப்பவே கிளம்பணும்!"

"நீங்க போங்கடா! நாங்க இருக்கோம். படகுல எலி இருக்கான்னு அலசிப் பாத்துட்டுப் போங்க!"

ஹார்லன் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கதவிடுக்கில் திணித்தான். மெத்தை, டின்கள், போர்வை எல்லாவற்றையும் உதறினார்கள். ஒன்றுமில்லை. பொழுது சாய்ந்தது. எல்வினா தரையில் காதை வைத்துப் படுத்தாள். இருவரும் மூச்சுக்கூட விடவில்லை. அடுப்புக்குப் பின்னால் மெல்லச் சுரண்டும் சத்தம் கேட்டது.

அவள் அடுப்பைத் தட்டியதுதான் தாமதம், கொழுத்த எலி கதவிடுக்கை நோக்கிப் பாய்ந்தது. அடிக்கக் கட்டை தேட நேரமில்லை. ஹார்லன் வெறுங்கையோடு அதன்மேல் விழுந்தான். அது கட்டைவிரலை எலும்புவரை கடித்தது. "ஐயோ!" என்று அலறினானே தவிர, பிடியை விடவில்லை.

எலி செத்ததும் அதன் வாலைத் தூக்கிப் பிடித்தான். "பாரேன், பரிசு வாங்குற வாலு."

"வாயக் கழுவு!" என்றவள் கத்தியால் வயிற்றைக் கீறினாள். உள்ளே ரோஜா நிறத்தில் குட்டிகள் நெருக்கியடித்துக் கிடந்தன. எல்வினா அழுதுவிட்டாள்.

"இது மட்டுந்தான் வந்துச்சா? யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

ரொட்டிக்கு வைத்திருந்த மாவு மொத்தத்தையும் பாறையைச் சுற்றி, மழை படாத இடுக்குகளில் தூவினார்கள். எலி நடந்தால் தடம் விழுமே. ரொட்டி இல்லை, எலி கடித்த கிழங்கையே சீவி வேகவைத்துத் தின்றார்கள். தினம் விடிந்ததும் அவள் முழங்கால் போட்டு மாவைப் பார்ப்பாள். வீங்கிய கையைத் தூக்கிப் பிடித்தபடி அவன் பின்னால் நிற்பான்.

"என்ன தெரியுது?"

"பென்குயின் காலுதான்."

கடல் அடங்கிப் படகு திரும்பும்வரை வேறு தடமே விழவில்லை. கிளம்பும்போது பாறையடியில் ஒரு முட்டை விரிசல் விட்டிருந்தது. உள்ளிருந்து ஒரு அலகு முட்டிக்கொண்டிருந்தது. எல்வினா அதை விட்டு நகர மனமில்லாமல் நின்றாள்.

அடுத்த பயணத்தின்போது துறையில் வழக்கம்போல முணுமுணுப்பு. ஹார்லன் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, மூட்டையை அவள் காலடியில் தலைகீழாகக் கொட்டினான். கிழங்குகள் துறை முழுக்க உருண்டன.

"என்னக்கா, கட்டின புருஷன்மேலயே நம்பிக்கை இல்லையா?" என்று சிரித்தான் கத்பெர்ட்.

"இல்லடா" என்றாள் எல்வினா. வெறும் மூட்டைக்குள் தோள்வரை கைவிட்டுத் துழாவினாள்.

தழும்பேறிய கட்டைவிரலால் ஹார்லன் மூட்டையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டான். "மூலையில இன்னொரு தடவ பாரு" என்றான்.