அவன் தேவையில்லாத உருண்டை

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு மிக்ஸி ஒரு கை பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, 'கிர்ர்...' என்று ஒரு முறை உறுமி, அப்படியே நின்றுவிட்டது. கருகிய வாசனை. மூடியைத் திறந்தால் பிளேடைச் சுற்றி ஒரு கறுப்புப் பந்து. கரண்டியால் நெம்பினேன். வளைந்தது கரண்டிதான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும் — இந்த ஆளுக்கும் சமையலறைக்கும் என்ன சம்பந்தம்? நியாயமான சந்தேகம். ஐம்பது வயது வரைக்கும் எங்களுக்குள் இருந்த உறவு, தண்ணீர் குடிக்கப் போவதும் டம்ளரை அங்கேயே வைத்துவிட்டு வருவதும்தான். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன் நான். பானிப்பட்டில் யார் யாரோடு மோதினார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பேன்.

என்னைச் சமையலறைக்குள் தள்ளிவிட்டது கல்வராயன் மலை.

என் மனைவி சுமதி கணக்கு டீச்சர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பதவி உயர்வு வந்தது. கூடவே வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடமும் வந்தது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், அணைக்கட்டு, அப்புறம் வளைந்து வளைந்து ஏறுகிற ரோடு... தினமும் போய்வர உடம்பு தாங்காது. மேலேயே ஒரு ரூம் எடுத்தாள். திங்கள் காலை முதல் பஸ்ஸில் ஏறுவாள், வெள்ளி மாலை இறங்குவாள். மகள் கோவையில் ஹாஸ்டல். ஆக, வார நாட்களில் வீட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். இரண்டு பேரில் அதுதான் அவ்வப்போது ஏதாவது பேசும்.

நடுவில் ஒரு புதன்கிழமை இருந்தது.

திங்களன்று கட்டிக்கொண்டு போகிற புளிக்குழம்பும் தக்காளித் தொக்கும் புதனோடு தீரும். புதன் சாயந்திர பஸ்ஸில் சுமதி இறங்கி வருவாள். அடுத்த தவணைக் குழம்பை வைப்பாள், சாப்பிடுவாள், என்னிடம் இரண்டு புகார் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவாள். வியாழன் விடிந்ததும் மறுபடி பஸ். அவ்வளவுதான். இருந்தாலும், புதன்கிழமை என்றால் வாசலில் இன்னொரு ஜோடி செருப்பு கிடக்கும். அதைத் தாண்டிக்கொண்டு உள்ளே போவதில் ஒரு சுகம்... சொன்னால் சிரிப்பீர்கள்.

போன ஆடி மாதம் அவள் வகுப்பிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் கம்மி என்றார் டாக்டர். "காலையில ஒழுங்கா சாப்பிடறது இல்ல. பதினோரு மணி வாக்குல சத்தா ஏதாவது வாயில போடுங்கம்மா" என்று மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

வாயில் போட என்ன கொடுப்பது? கடையில் விற்கிற சத்து பிஸ்கட்டின் அட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். சத்தைவிட அதில் சர்க்கரைதான் ஜாஸ்தி. அப்போதுதான் என் செல்போன் அந்த வீடியோவை நீட்டியது. 'நோ பேக் ஹெல்த்தி ஸ்நாக்ஸ்.' பேக் செய்யவே வேண்டாம், பத்தே நிமிஷம் என்றது. எனக்குப் பிடித்துப்போனது. பேக் செய்யாமல் இருப்பதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு.

மளிகைக்கடை ஏழுமலையிடம் போனேன். வேர்க்கடலை, பேரீச்சம்பழம், கறுப்பு எள்.

"இன்னா சார் விசேஷம்?"

"நோ பேக் ஸ்நாக்ஸ் செய்யப்போறேன்."

"பேக் இல்லாட்டி இன்னா சார், பேப்பர்ல மடிச்சித் தர்றேன். கவர் கேட்டாதான் ரோதனை. போன வாரந்தான் முனிசிபாலிட்டிக்காரங்க வந்து பிளாஸ்டிக்கு அத்தினியும் அள்ளிக்கினு போனாங்க."

"அந்த பேக் இல்ல ஏழுமலை. இது சுடறது. சுடாமலே செய்யறது."

"கல்லய வறுக்கணுமே?"

"ஆமாம், அது மட்டும் வறுக்கணும்."

"எள்ளு?"

"அதையும்..."

"அப்ப அடுப்பு பத்த வெக்கணும்."

"வெக்கணும்."

"அப்புறம் இன்னா சார் நோ?"

யோசித்துப் பார்த்தால் நம் வீடுகளில் யார், எப்போது பேக் செய்தார்கள்? எள்ளுருண்டை, பொரியுருண்டை, மாவுருண்டை — எல்லாமே நோ பேக்தான். வெள்ளைக்காரன் செய்வதை நாம் செய்யாமலிருப்பதற்கு வெள்ளைக்காரன் ஒரு பெயர் வைத்து, அதைச் செல்போனில் அனுப்பினால்தான் நமக்கு ருசிக்கிறது.

அந்த வாரக் கடைசியில் சுமதி சோபாவில் படுத்திருந்தாள். நான் போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்துக்கொண்டு களத்தில் இறங்கினேன். வீடியோவில் ஒரு பெண்மணி உற்சாகமாகக் கூவினார்: "இந்த ரெசிப்பிக்கு அவன் தேவையே இல்லைங்க! அவன் இல்லாமலே சூப்பரா வரும்!"

கூடத்திலிருந்து சுமதியின் குரல்: "யார சொல்றா அவ... உங்களையா?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். மைக்ரோ அவனுக்கும் மனைவியை மலைக்கு அனுப்பிவிட்டு நிற்கிற அவனுக்கும் தமிழில் ஒரே எழுத்துதான் என்பது அதுவரைக்கும் எனக்குத் தோன்றியதே இல்லை.

முதல் முறை உருண்டை உருண்டையாகவில்லை. ஸ்பூனால் சாப்பிட்டோம். இரண்டாம் முறை நன்றாக உருண்டது. ஒன்று கீழே விழுந்ததில் டைல்ஸில் கீறல். அந்தக் காலத்துக் கோட்டை முற்றுகை ஒன்றில் பயன்பட்டிருக்கும். அப்புறம் பிடிபட்டது — கடலையைத் தோல் நீக்கி அரைக்கும்போது, அது எண்ணெய் விடுவதற்கு முன்னால் நிறுத்திவிட வேண்டும். பேரீச்சையை வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துப் பிழிந்து, ஈரம் போகத் துடைத்துவிட்டு அரைக்க வேண்டும். எள், ஏலக்காய். உள்ளங்கையில் ஒரு சொட்டு நெய். அப்போதுதான் சொன்ன பேச்சைக் கேட்கும்.

ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா நிறையப் பிடித்தேன். ஒரு வாரம் முழுக்கத் தாராளமாக வரும், கெட்டுப்போகாது. என் வாழ்க்கையில் நான் கையால் செய்து முடித்த முதல் பொருள். பஸ் ஸ்டாண்டில் அதை சுமதி மடியில் வைத்தபோது எனக்கு இருந்த பெருமை, டாக்டர் பட்டம் வாங்கியபோதுகூட இல்லை.

அந்தப் புதன்கிழமை அவள் வரவில்லை.

பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறதாம். அதன்மேல் ஏறி நின்றால்தான் சிக்னல். அங்கிருந்து பேசினாள். பாதிப் பேச்சைக் காற்று வாங்கிக்கொண்டது.

"ஒண்ணும் கொறையில்லங்க. கொழம்பு தீந்தா இன்னா, உருண்டைதான் இருக்குதே... எதுக்கு அலஞ்சிக்கினு..."

அடுத்த புதனும் வரவில்லை. அதற்கடுத்ததும். அவள் ரத்த அளவு ஏறியது. டாக்டர் பாராட்டினார். வாசலில் என் செருப்பு தனியாகக் கிடந்தது. அவளை வாரத்தின் நடுவில் கீழே இறக்கிக்கொண்டிருந்த ஒரே காரணத்தை நானே உருட்டி உருட்டி ஒழித்துவிட்டேனோ?

நான் தேங்காயிடம் சரணடைந்தேன்.

துருவிய பச்சைத் தேங்காய் சேர்த்தால் ருசி கூடும். கூடவே, மூன்றாம் நாள் ஊசிப்போகும். "ரெண்டு நாளுக்குள்ள சாப்டுடு, அதுக்கு மேல தாங்காது" என்று அக்கறையான முகத்தோடு கொடுத்தனுப்பினேன். கணக்கு சரியாக இருந்தது. உருண்டை செவ்வாயோடு சரி. புதன் சாயந்திரம் ஆள் கீழே.

திங்கள் மாலையே பாறையிலிருந்து போன்.

"ஏங்க, தேங்கா போட்டது பிரமாதம்! எங்க ஸ்கூல் பொண்ணுங்க சாயந்திரத்துக்குள்ள காலி பண்ணிட்டாளுங்க!"

எனக்கு உள்ளுக்குள் பட்டாசு. "அய்யய்யோ... அப்ப புதன்கிழமைக்கு இன்னா பண்ணுவ?"

"அதுக்கு இன்னா, ஒருத்தி வூட்டுலேர்ந்து சாமை மாவு குடுத்து அனுப்பினாங்க. தேனு வேற. நானே வறுத்துப் புடிச்சி வெச்சிட்டேன். உங்களுதவிட நல்லாவே வந்துக்குது!"

அவன் தேவையே இல்லைங்க. அவன் இல்லாமலே சூப்பரா வரும்.

இதற்கு நடுவில்தான் இடமாறுதல் கலந்தாய்வு வந்தது. சங்கராபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் இடம் காலி. கேட்டால் கிடைத்துவிடும். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளே சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். இருபத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் கணவன்மார்கள் நன்றாகக் கற்றுக்கொள்கிற ஒரே கலை அது.

ஆக, போன ஞாயிறு. மிக்ஸி செத்துக் கிடக்கிறது. நானும் சுமதியும் தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கமாக ஜாரிலிருந்து பேரீச்சையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறோம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். சங்கராபுரத்துக்கு எழுதவா, வேணாமா?" என்றாள்.

"உன் இஷ்டம்."

"என் இஷ்டம் எனக்குத் தெரியும். உங்களுக்கு இன்னான்னுதான் கேக்கறேன்."

'வந்துடேன்' என்பது ஒரே ஒரு சொல். அதை விழுங்கிவிட்டு, "அந்தப் பொண்ணுங்க?" என்றேன்.

"அதான். ஒம்பதாவதுலேர்ந்து இழுத்துக்கினு வர்றேன். இப்பதான் கணக்குன்னா அழாம இருக்குதுங்க. பத்தாவது எழுதற வரைக்கும்... பாதியில வுட்டுட்டு வர மனசு வரல."

"அப்ப இரு."

அவள் மறுபடி ஜாரைச் சுரண்ட ஆரம்பித்தாள். அப்புறம், என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"எதிர்பார்த்ததுதான். என்னிக்கு ஒரு வாரத்துக்கும் சேத்து டப்பா நெறைய கட்டிக் குடுத்தீங்களோ, அன்னிக்கே புரிஞ்சிபோச்சி."

"இன்னா புரிஞ்சிபோச்சி?"

"நடுவுல வந்து நிக்காதன்னு. அகால நேரத்துல வந்து, விடியறதுக்குள்ள உங்களையும் எழுப்பி... தூக்கம் கெடுது, அத சொல்லாம சொல்றாருன்னு."

"கொழம்பு தீந்துபோச்சின்னுதானே நீ வந்துக்கினு இருந்த?"

ஜாரைக் கீழே வைத்தாள்.

"மலைமேல எனக்குக் கொழம்பு வெக்கத் தெரியாதா? ரூம்ல கேஸ் அடுப்பு இல்லியா? அந்தப் புளிக்கொழம்புக்கா அத்தினி வளைவுலயும் குலுங்கிக்கினு வந்தேன்? நீங்கல்லாம் வரலாறு சொல்லிக் குடுத்து..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை.

பிறகு நான் தேங்காய் விஷயத்தைச் சொன்னேன். மூன்றாம் நாள் ஊசிப்போகும் என்ற கணக்கையும் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கையெல்லாம் பேரீச்சை; முகமெல்லாம் அப்பிக்கொண்டது. "அட மனுசா... தேங்காயா! வாயத் தொறந்து வான்னு ஒரு வார்த்த சொன்னா இன்னாவாம்?" என்று கேட்டபோது சிரிப்பு நின்றுபோயிருந்தது. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பேரீச்சை பட்டிருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

சங்கராபுரத்துக்கு எழுதவில்லை. பெண்கள் பரீட்சை எழுதி முடிக்கட்டும் என்று முடிவாயிற்று. அதாவது, இந்த வீட்டில் இன்னும் ஒரு மழைக்காலம், ஒரு பனிக்காலம், நான், ஃபிரிட்ஜ்.

ஒருவருக்குத் தேவையானதையெல்லாம் குறைவில்லாமல் செய்து கொடுத்துவிட்டால் அதற்குப் பெயர் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருப்பவர் காதில் அது, 'இனி நீ வரத் தேவையில்லை' என்றுகூட விழும்போலிருக்கிறது. இத்தனை புத்தகம் படித்தேன்... ஒன்றிலும் இது இல்லை.

இதை எழுதுவது செவ்வாய்க்கிழமை மாலை. மேலே நல்ல மழை என்கிறார்கள். பாறையிலிருந்து போன் வரவில்லை. நாளை சாயந்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்கப்போகிறேன். மலை பஸ் வருமா, தாமதமாகுமா, தெரியாது. நிற்பேன்.

எப்படியும் உங்களில் சிலர் செய்முறை கேட்டு எழுதுவீர்கள். கடலைக்குப் பதில் பொட்டுக்கடலை போடுங்கள், எள்ளுக்குப் பதில் பாதாம் போடுங்கள், பிடித்தால் சாமை மாவைக்கூட வறுத்துச் சேருங்கள். அளவில் மட்டும் கை வைக்காதீர்கள் — புதன்கிழமை மதியத்தோடு தீர்ந்துவிட வேண்டும்.