நுளம்பைத் தேடி ஈரலைக் கண்டுபிடித்த எங்கள் அக்கா

எங்கள் அக்கா நெடுங்கேணியில் மூத்தவராகப் பிறந்தவர். வட்டக்கச்சிக்கு வாழ்க்கைப்பட்டவர். இடம்பெயர்ந்திருந்த முகாமிலும் தண்ணீர் வரிசையைத் தன் குரலாலேயே ஒழுங்குபடுத்தியவர். அழுதழுது எழுதினால் அவருக்கே பிடிக்காது. ஆகவே அவர் மரணத்தை ஒரு முறை முந்திக்கொண்ட கதையைத் தம்பி நான் சொல்கிறேன். நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது!

மகளின் திருமணத்துக்கு நாள் குறித்திருந்த வேளை, நீரிழிவுக் கிளினிக்கில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் குறைவு என்று வந்தது. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் டெங்குதான்! அத்தான் வளவிலிருந்த சிரட்டையெல்லாம் கவிழ்த்தார். பப்பாசி இலைச் சாறு பிழிந்து கொடுத்தார். காய்ச்சலே இல்லாத அக்கா கதிரையில் இருந்தபடி, "அந்த மூலையையும் பாருங்கோ, என்னைக் கடிச்ச நுளம்பு அங்கதான் நிக்கும்" என்று ஏவிக்கொண்டிருந்தார்.

அடுத்த பரிசோதனையில் அது இன்னும் குறைந்திருந்தது. வைத்தியர் பழைய முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அம்மா, இது டெங்கு இல்லை. டெங்கெண்டால் டக்கெண்டு விழும், பிறகு ஏறும். உங்களுக்கு மாதக்கணக்கா இறங்கிக்கொண்டே வருது. ஈரல் செய்யிற அல்புமின் புரதமும் குறைவு. ஈரல் இறுகிச் சுருங்கியிருக்கு எண்டு நினைக்கிறன்."

"நான் குடிவகை ஒரு சொட்டும் தொட்டதில்லை, டொக்டர்!"

"தெரியும். இது சீனியும் கொழுப்பும் செய்த வேலை. ஈரல் இறுகினால் உணவுக்குழாயில நாளங்கள் வீங்கும். வெடிச்சால் இரத்தமா வாந்தி வரும். இப்பவே வாயால கமராக் குழாய் விட்டுப் பாப்பம்."

"கலியாணம் முடிய வாறனே?"

"கலியாண வீட்டில வெடிச்சால்?"

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அன்றே குழாய் விட்டுப் பார்த்தார்கள். நாளங்கள் உண்மையாகவே வீங்கி, வெடிக்கும் தறுவாயில் இருந்தன! இறப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். ஊசியில் எடுத்த கொஞ்ச இரத்தம் இவ்வளவையும் முன்கூட்டியே சொல்லிவிட்டதே என்று அத்தான் காண்பவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார்.

திருமணத்தன்று நாதஸ்வரத்துக்கு மேலால் அக்காவின் குரல்தான் கேட்டது. பின்னர் பேரனையும் மடியில் வைத்திருந்தார். ஈரல் முற்றாகக் களைத்தபோது, மகள் கையைப் பிடித்திருக்க அமைதியாகக் கண்ணை மூடினார்.

அந்த வைத்தியருக்கும், கடைசிக் காலத்தில் கேட்டவுடன் அக்காவுக்கு இரத்தம் கொடுத்த உறவுகளுக்கும், செத்தவீட்டு நாட்களில் எங்கள் அடுப்பை மூட்டவிடாது சமைத்துத் தந்த அயலவர்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

கடைசி நாட்களில் அக்கா எனக்கிட்ட கட்டளை ஒன்று உண்டு.

"தம்பி, என்ர நினைவு மலரில புகழ்ச்சி ஒண்டும் வேண்டாம். பிளேட்லெட் குறைஞ்சால் நுளம்பை மட்டும் தேடாதேங்கோ, ஈரலையும் பாக்கச் சொல்லுங்கோ எண்டு எழுது."

எழுதிவிட்டேன், அக்கா.